மாமனாரின் காது மெஷின்

அந்த நீலப் பெட்டி மூக்குக் கண்ணாடிக் கூட்டைவிடச் சின்னது. மூடியைத் திறந்தால் உள்ளே கறுப்புப் பஞ்சு. பஞ்சில் பள்ளம் எடுத்த இடத்தில், முந்திரிப் பருப்பு மாதிரி வளைந்து, தோல் நிறத்தில் கிடக்கிறது என் மாமனாரின் காது மெஷின். மூன்று வாரமாக அது எங்கள் பூஜை அலமாரியில், முருகன் படத்துக்குக் கீழே, விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விளக்கேற்றப் போகும்போதெல்லாம் கண்ணில் படுகிறது. பட்டவுடன் எனக்கு வருவது அழுகை இல்லை, கோபம். போய்ச் சேர்ந்தவர் மேல் கோபப்படக் கூடாது என்று எனக்கும் தெரியும். முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் கோபப்படுகிறேன்.

மாமா ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். அந்தக் குடும்பத்தில் மாதச் சம்பளம் என்று முதலில் வாங்கியவர் இவர்தான். அதனாலோ என்னவோ, வீட்டுக்குள் ஒரு நல்ல பொருள் வந்துவிட்டால் அதைத் தொட அவருக்கு மனசு வராது. டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருப்பார். உறை மங்கி, எந்தப் பட்டனில் என்ன நம்பர் என்றே தெரியாது. ரிட்டையர் ஆன அன்று கொடுத்த கைக்கடிகாரம் பெட்டியோடு பீரோவில் ஓடி ஓடி அங்கேயே நின்றுபோனது. மணி பார்க்கச் சமையலறைச் சுவர்க் கடிகாரம் வரைக்கும் எழுந்து வருவார். நாங்கள் வாங்கிக் கொடுத்த மெத்தை மேல் கடையில் போட்ட பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவே விடவில்லை. மத்தியானம் அவர் புரண்டு படுத்தால் வீடு முழுக்கச் சரசர என்று கேட்கும். சமைத்துக்கொண்டிருக்கும் எனக்குப் பல் கூசும்.

கேட்டால் தொழிற்சாலைக் கதை சொல்வார். அங்கே அளவு பார்க்கிற கருவி இரண்டு உண்டாம். ஒன்று தினப்படி வேலைக்கு. இன்னொன்று எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, மரப்பெட்டியில், பூட்டுக்குள் இருக்குமாம். பெரிய அதிகாரி வந்தால்தான் அது வெளியே வருமாம். "நல்ல சாமானுக்கு வேலையே உள்ள இருக்கறது தாம்மா. தொட்டா தேஞ்சிடும்" என்பார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

எழுபது வயதைத் தொடும்போது காது மந்தமாக ஆரம்பித்தது. முதலில் ஃபோன் கேட்கவில்லை. பிறகு காலிங் பெல். பிறகு நான். என் வீட்டுக்காரர் அம்பத்தூரில் கம்பெனி வேலைக்கு விடிந்தும் விடியாமலும் கிளம்புவார். பெண் பள்ளிக்கூடம் போய்விடும். பகல் முழுக்க வீட்டில் நானும் மாமாவும்தான். அந்த வருஷம் வந்த போனஸை அப்படியே கொண்டுபோய், கரையான்சாவடி மெயின் ரோட்டில் ஒரு கடையில் அவருக்குக் காது மெஷின் வாங்கினார் என் வீட்டுக்காரர். நானும் கூடப் போயிருந்தேன். மெஷினை மாட்டியதும் மாமா திடுக்கிட்டு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ரோட்டுல இவ்ளோ சத்தமா கீது?" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் ஷேர் ஆட்டோவில் என் கையைப் பார்த்துச் சிரித்தார். "உன் வளையல் பேசுதும்மா."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இனிமேல் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றிய கையோடு மெஷினையும் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். நீலப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி பீரோவுக்குள் போனது. பீரோ சாவி அவருடைய அரைஞாண் கயிற்றுக்குப் போனது.

"இன்னா நைனா, கழட்டிட்டே?" என்று கத்தினார் என் வீட்டுக்காரர்.

"கல்யாணம், காதுகுத்துன்னா போட்டுக்கறேன்டா. சும்மா ஊட்ல குந்திகினு இருக்கறதுக்கு எதுக்கு? தேஞ்சிடும்."

"ஏன் நைனா, நம்ம பீரோவுக்கா காது கேக்கல?"

"சாவி என்கிட்ட தான் கீது. நீ கவலப்படாதே" என்றார் மாமா.

என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டு மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போய்விட்டார். ஆண்களுக்கு அது சிரிப்பு. பகலெல்லாம் கத்துகிறவள் நான் அல்லவா? மாமா, காபி. மாமா, மாத்திரை. மாமா, கேஸ்காரன் வந்திருக்கான், கதவைத் திறங்க. ஒவ்வொன்றையும் மூன்று தரம், ஒவ்வொரு தரமும் குரலைக் கூட்டிச் சொல்ல வேண்டும். நான் சுபாவத்தில் மெதுவாகப் பேசுகிறவள். பத்தாம் வகுப்பில் வாய்விட்டுப் பாடம் ஒப்பிக்கப் பயந்தே பாதி மார்க்கை விட்டவள். அந்த நான் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தக் கற்றுக்கொண்டேன். எதிர் வீட்டு அக்கா ஒரு நாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்தே கேட்டார்.

"இன்னாம்மா, பெரியவர இந்தப் பாடு படுத்தறே? வயசான காலத்துல ரெண்டு வார்த்த பதமா பேசக்கூடாதா?"

"அவருக்குக் காது கேக்காது அக்கா."

"கேக்காதவர எதுக்குத் திட்டறே?"

நான் மாத்திரை போடச் சொல்லித்தான் கத்தினேன் என்று எப்படி விளக்குவது? மெஷின் இருக்கிறது, போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்றால் அதையும் நம்பவில்லை. அவ்வளவு விலையில் வாங்கிய பொருளை யாராவது போடாமல் இருப்பார்களா என்று என்னையே கேட்டார். வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குப் பூஜைக்கு உட்கார்ந்தால் பக்கத்தில் இருக்கிறவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. மாமனாரை விரட்டுகிறவளுக்குக் கோயில் என்ன, குத்துவிளக்கு என்ன என்று அந்தப் பார்வையில் எழுதியிருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என்னால் பொறுக்க முடியாதது வேறு ஒன்று. மாமாவிடம் நான் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை பாக்கி இருந்தது.

கல்யாணமாகி ஆறு வருஷம் எனக்குக் குழந்தை இல்லை. பூந்தமல்லியில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோம். பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரின் பெரிய அத்தை, பந்தியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம், "இன்னும் எத்தினி வருசம் பார்ப்பே? வேற பொண்ணு ஒண்ணு பாத்து வச்சிகீறேன்" என்று சொன்னது என் காதில் விழுந்தது. ஈரக் கையோடு பின்வாசல் கதவோரம் வந்து நின்றேன். மாமா பாதிச் சாப்பாட்டில் இலையை மூடினார். எழுந்து நின்று சொன்னார்: "என் ஊட்டு மருமக இவ தான். கொழந்த பொறந்தாலும் இவ தான், பொறக்கலன்னாலும் இவ தான். இந்தப் பேச்ச இன்னொரு வாட்டி எடுக்கறவங்க என் ஊட்டு வாசப்படி ஏற வேணாம்." அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. மறு வருஷம், குன்றத்தூர் மலைக்கு நான் நடந்த நடைக்கு முருகன் கண் திறந்தான். பெண் பிறந்தது.

அன்றைக்கே மாமாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாமனாரிடம் நேருக்கு நேர் நின்று அப்படிப் பேசுகிற வழக்கம் எங்கள் வீடுகளில் இல்லை. ஒரு நல்ல நாளில், அவர் காலில் விழும்போது சொல்லலாம் என்று வைத்திருந்தேன். பொங்கல் வந்தது, தீபாவளி வந்தது, காலில் விழுந்தேன், கூட யாராவது நின்றுகொண்டிருந்தார்கள். அப்படியே வருஷங்கள் போயின. அவருக்குக் காது போன பிறகு சுத்தமாக வழியில்லாமல் போயிற்று. "மாமா, நீங்க அன்னிக்கு எனக்காகப் பேசினீங்களே" என்பதை எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரி மூன்று தரம் கத்தி எப்படிச் சொல்வது?

மெஷினுக்காக நான் மன்றாடியது அதற்காகத்தான். ஒரு ஆயுத பூஜைக்கு எப்படியோ சம்மதித்தார். "சரி, நல்ல நாள். பூஜைல வச்சிட்டு அன்னிலேருந்து டெய்லி போட்டுக்கறேன்" என்றார். எனக்குக் கால் தரையில் இல்லை. ஸ்பேனர், சுத்தியல், அரிவாள்மணை, தையல் மெஷின், என் வீட்டுக்காரரின் வண்டி எல்லாவற்றுக்கும் வழக்கம்போலப் பொட்டு வைத்தோம். காது மெஷினும் மெஷின்தானே? நடுவில் ஒரு தாம்பாளத்தில் அதை வைத்து, சந்தனத்தைக் குழைத்து, முதுகில் அழகாக ஒரு பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். பூஜை முடிந்து மாமா எடுத்து மாட்டினார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கழற்றித் தட்டினார், மறுபடியும் மாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. முதுகில் ஊசி முனை அளவுக்கு இரண்டு துளை இருந்ததும், அதன் வழியாகத்தான் சத்தம் உள்ளே போகும் என்பதும் எனக்கு எப்படித் தெரியும்? என் சந்தனம் இரண்டையும் அடைத்துக்கொண்டது.

மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் சொல்லல? நல்ல சாமான வெளிய எடுத்தா இப்டி தான்" என்று மட்டும் சொன்னார். கடையில் இரண்டு நாள் வைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். புதுசு மாதிரிதான் இருந்தது. ஆனால் மாமாவுக்கு அது இப்போது ரிப்பேர் பார்த்த பொருள், இன்னும் பத்திரமாக வைக்க வேண்டிய பொருள். மறுபடியும் பீரோ, மறுபடியும் அரைஞாண் கயிறு. இந்தத் தடவை என்னால் வாயைத் திறக்கவும் முடியவில்லை.

அதிலிருந்து நான் முருகனிடமே பேச ஆரம்பித்தேன். சாயங்காலம் ஆறு மணிக்கு விளக்கேற்றிவிட்டு அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருக்க முக்கால் மணி நேரம் ஆகும். பாதி நேரம் பாட்டு, பாதி நேரம் புலம்பல். பகலெல்லாம் கத்தித் தேய்ந்த தொண்டைக்கு அந்த நேரம்தான் ஓய்வு. வாய்க்குள் முணுமுணுக்கிற குரலில் எல்லாவற்றையும் கொட்டுவேன். மாமாவும் அந்த நேரத்துக்குச் சரியாக வந்து எனக்குப் பின்னால் நாற்காலியில் உட்காருவார். தலையோடு காதையும் மூடித் துண்டைச் சுற்றியிருப்பார். சித்திரை வெயிலில்கூடச் சுற்றியிருப்பார். கொசுவுக்கு என்று நினைத்துக்கொண்டேன். காது கேட்காத மனிதர்தானே, இருந்தால் இருக்கட்டும் என்று அவரைப் பற்றியே அவருக்கு முன்னால் முருகனிடம் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் எங்கிருந்தோ ஒரு சில்வண்டு வேறு கீ என்று கத்தும். மாமா துண்டைச் சரிசெய்து கொண்டால் நின்றுவிடும், சற்று நேரத்தில் மறுபடியும் கத்தும். அலமாரிக்கு அடியில் துடைப்பத்தை விட்டுத் தேடியிருக்கிறேன். ஒரு பூச்சியும் அகப்படவில்லை.

முருகன் என் பேச்சைக் கேட்டான். சத்தியமாகக் கேட்டான். குடித்த காபி டம்ளரை ஜன்னலிலேயே வைத்து எறும்பு சேர்க்கிறாரே என்று சொன்னேன். இரண்டு நாளில் டம்ளர் தானாகத் தொட்டிக்கு வந்தது. மெத்தை உறைச் சத்தம் தலையைக் குடைகிறது என்று அழுதேன். அந்த வாரமே மாமா கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து உறையைக் கிழித்துப் போட்டார். பத்து வருஷம் கெஞ்சியும் நடக்காதது! குன்றத்தூர் மலை ஏறிப்போய்ப் பால் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். மெத்தை உறைக்காக அபிஷேகத்துக்குப் பால் கொடுத்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். என் பெண் பன்னிரண்டாவது முடித்ததும் மாப்பிள்ளை பார்க்கலாம் என்று மாமா ஆரம்பித்தபோது, அவளைப் படிக்க விடச் சொல்லு முருகா என்று மூன்று நாள் அழுதேன். நாலாம் நாள் காலையில் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "காலேஜுக்கு எப்போ பாரம் தராங்க?" என்று கேட்டார்.

ஒரு நாள் பேசியதை மட்டும் நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றைக்கு எதிர் வீட்டு அக்கா வேறு ஏதோ சொல்லிவிட்டார். அந்த ஆத்திரத்தில், "இந்த மனுஷன்கிட்ட கத்திக் கத்தியே என் உசுரு போவுது. எப்ப தான் எனக்கு விடுதலை குடுப்பே?" என்று கேட்டுவிட்டேன். அன்றைக்கு மாமா வயிறு சரியில்லை என்று இட்லியைத் தொடவில்லை.

போன ஆடியில் மாமா மத்தியானம் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. உறை இல்லாத மெத்தையில், ஒரு சத்தமும் இல்லாமல். காரியமெல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் பீரோச் சாவியை என்னிடம் கொடுத்தார். வாசலுக்கு வந்து பூ கொடுக்கிற பூக்காரம்மாவுக்குக் காது கேட்பதில்லை. முழம் ஒன்று கேட்டால் மூன்று அளப்பார். மெஷினை அவருக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்க, மேல்தட்டில் இருந்த நீலப் பெட்டியை எடுத்துக்கொண்டு அதே கரையான்சாவடிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரத் தம்பி பெட்டியைப் பார்த்ததும் கேட்டார், "ஐயா வரலீங்களா? பேட்டரி தீர்ந்திருக்குமே."

"எந்த பேட்டரி?"

"மாசா மாசம் வருவாரே. பென்ஷன் எடுத்துகினு நேரா இங்க தான். டெய்லி ஒரு மணி நேரம் தானே போடறேன், இன்னாத்துக்கு இவ்ளோ சீக்கிரம் தீருதுன்னு என்கிட்ட சண்ட வேற. பேட்டரி மேல கீற ஸ்டிக்கர உரிச்சிட்டா போட்டாலும் தீரும், போடலன்னாலும் தீரும், அதனால நாள் பூரா போட்டுக்க ஐயான்னு நானும் சொல்லிப் பாத்துட்டேன். கேக்கவே மாட்டாரு."

பெட்டியைத் திறந்து மெஷினை அவரிடம் நீட்டினேன். அவர் ஒரு பேட்டரியைப் போட்டு, மெஷினை உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். உள்ளே இருந்து கீ என்று சத்தம் வந்தது.

"எதையாவது போட்டு மூடினா இப்டி தான் கத்தும். மெஷின் நல்லா கீதுன்னு அர்த்தம்" என்றார்.

அந்தச் சில்வண்டை எனக்குத் தெரியும். துண்டுக்குள் இருந்த சில்வண்டு.

வீட்டுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. பீரோக் கதவை முழுக்கத் திறந்தேன். கதவின் உள்பக்கம், மிளகைவிடக் கொஞ்சம் பெரிய ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்கள், ஃபிட்டர் கைக்கே உரிய நேர்த்தியில் வரிசை வரிசையாக ஒட்டியிருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பேட்டரி. பெட்டியை மட்டும் எடுத்தபோது பாதிக் கதவைத் திறந்ததால் பார்க்கவில்லை. மேல்தட்டில் ஒரு பேட்டரி அட்டை இருந்தது. அதில் ஒன்றே ஒன்று மிச்சம்.

இந்த மூன்று வாரமும் என் கோபமெல்லாம் இதுதான். உங்களுக்குக் கேட்டிருக்கிறதே மாமா! பாட்டு கேட்டிருக்கிறது, புலம்பல் கேட்டிருக்கிறது, விடுதலை கொடு என்றதும் கேட்டிருக்கிறது. பின்னாலிருந்து ஒரு தடவை இருமியிருக்கக் கூடாதா? தினமும் போட்டுக்கொள்ளச் சொல்வோம் என்று பயமா? இல்லை, தெரிந்தால் நான் பேசுவதை நிறுத்திவிடுவேன் என்று நினைத்தீர்களா? என்னைத் தெருவே கரித்துக் கொட்டியபோது, ஒரே ஒரு பகல் அதைப் போட்டுக்கொண்டு என்னோடு வாசலில் உட்கார்ந்து பேசியிருந்தால் எல்லார் வாயும் அடைத்திருக்குமே. முருகன்தான் உங்கள் மூலமாகச் செய்தான் என்று என் மனசைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். அது உண்மைதான். ஆனால் இதைவிடப் பெரிய எரிச்சல் என் மேலேயே இருக்கிறது. முக்கால் மணி நேரம், நாள் தவறாமல், டம்ளரிலிருந்து மெத்தை வரைக்கும் முருகனிடம் சொன்ன நான், பூந்தமல்லியில் மாமா இலையை மூடி எழுந்ததை ஒரு நாளும் சொல்லவில்லை. அதை எதற்கு அவனுக்குச் சொல்ல வேண்டும், அவனுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன். குறையை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். நல்லதை நல்ல நாளுக்கு என்று உள்ளேயே வைத்திருந்தேன். அதனால் மூன்றடி தூரத்தில், காது கேட்கிற மெஷினோடு உட்கார்ந்திருந்தவருக்கு அது மட்டும் கேட்கவே இல்லை.

நாளைக் காலையில் பூக்காரம்மாவைக் கடைக்கு அழைத்துப் போகிறேன். காதில் பொருந்துகிற பாகத்தை மட்டும் அவர் காதுக்கு அளவெடுத்துச் செய்ய வேண்டுமாம். விஷயத்தைச் சைகையில் சொன்னபோது அவர் பெட்டியை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எவ்ளோ நல்லா கீது! பங்குனி உத்திரத்துக்குப் போட்டுகினு போறேன்மா" என்றார். பிடுங்கி வைத்துக்கொண்டேன். என் கண் முன்னால் தினமும் காதில் மாட்டிக்கொண்டு பூ கொடுத்தால்தான் தருவேன் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். எதிர் வீட்டு அக்கா எட்டிப் பார்த்தார். பார்க்கட்டும்.

இன்றைக்குச் சாயங்காலம் விளக்கேற்றினேன். அட்டையில் மிச்சமிருந்த பேட்டரியின் ஸ்டிக்கரை உரித்து, பீரோக் கதவில் கடைசி வரிசையின் கடைசியில் ஒட்டினேன். நீலப் பெட்டியைத் திறந்து மெஷினை எடுத்து, பேட்டரியைப் போட்டு உள்ளங்கையில் வைத்து மூடினேன். கீ என்றது. பின்னால் திரும்பி, காலி நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்தேன். விரலைக் கொஞ்சம் தளர்த்தினேன். சத்தம் நின்றது. கத்தாமல், முருகனிடம் பேசுகிற குரலில், "மாமா, அன்னிக்குப் பூந்தமல்லில நீங்க எனக்காக எழுந்து பேசினீங்க. பின்னால நின்னு நான் எல்லாத்தையும் கேட்டேன். அன்னிக்கு நீங்க இல்லன்னா நான் இல்ல" என்றேன்.

இருபது வருஷத்துக்கு மேல் எடுத்து வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.